கீறல் வேறு, ஆட்டம் வேறு

வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறார். ஒரு வழிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எட்டு வருடப் பழைய சின்ன கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக பிரேக்கில் கால் வைத்தால் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக்’ என்று ஒரு தட்டு. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாலும் அதே தட்டு. ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற கையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் கீறலைக் காட்டி, இரண்டு பக்க ஆர்மையும் மாற்றச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர், “கீறல் இல்லாத புஷ் எந்த வண்டியில இருக்கு, ஓட்டுங்க” என்றிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. நான் திருவாரூர் பக்கம் 28 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் சத்தத்தை மட்டும் வைத்துச் சொன்னால், இடது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில்தான் என் சந்தேகம் விழுகிறது. அதனால் முதல் மெக்கானிக் சொன்ன முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் காட்டிய காரணம் போதாது. ரப்பரில் கீறல் இருந்தால் ரப்பருக்கு வயசாகிவிட்டது என்று மட்டும்தான் தெரியும். மாற்றுவதா வேண்டாமா என்பதை ஆட்டத்தை, அதாவது புஷ் தளர்ந்து ஆர்ம் ஆடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் தொழிலில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, நல்ல ஆர்மைக் கழற்றிப் போடுவதும் நடக்கிறது, கெட்ட ஆர்மை விட்டுவைப்பதும் நடக்கிறது. இரண்டுமே எனக்கு வருத்தம்தான்.

புஷ் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சோதனை தானாகவே விளங்கிவிடும். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் கை. வெளிமுனையில் பால் ஜாயின்ட், சக்கரம் திரும்ப வழிவிடும் உருண்டை மூட்டு. உள்பக்கம் இரண்டு புஷ், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. புஷ் என்றதும் கதவுக் கீல் மாதிரி உள்ளே ஏதோ சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எதுவும் சுற்றுவதில்லை. வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். அந்த ரப்பரை அச்சில் வைத்துச் சூடாக்கி இரும்போடு ஒட்டியிருப்பார்கள். உள்குழாயை ஒரு போல்ட் அடிச்சட்டத்தோடு அசையாமல் இறுக்கிப் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் அசைகிற அசைவு முழுவதையும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் தாங்குகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி முறுக்கிக்கொள்கிறதே, அதுபோல. விட்டதும் ரப்பர் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இப்படி முறுக்கி முறுக்கி நிமிர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தாங்குவதால்தான் இதற்கு இன்றைக்கும் பெரும்பாலும் இயற்கை ரப்பரையே போடுகிறார்கள். கன்னியாகுமரி மலையோரத்தில் மரத்தைக் கீறி எடுக்கும் அதே பால்தான். கிழியாமல் முறுக்கிக்கொள்வதில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். எண்ணெய் பட்டால் மட்டும் ஆகாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முன் புஷ்ஷும் பின் புஷ்ஷும் ஒரே வேலை செய்வதில்லை. உங்கள் கார் போன்ற பெரும்பாலான சின்ன கார்களில் முன் புஷ் கெட்டியாக இருக்கும். வளைவில் வண்டி திரும்பும்போது வரும் பக்கவாட்டு இழுப்பை அது பார்த்துக்கொள்ளும். பின் புஷ் பெரியது, கொஞ்சம் மெத்தென்று இருக்கும். பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், பள்ளத்தில் இடிக்கும்போதும் பின்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலை வாங்குவது பின் புஷ்தான். பின்னால் வரும்போது பிரேக் போட்டால் தள்ளல் திசை மாறி முன்னால் வரும். அதனால்தான் ‘முன்னால் போய் பிரேக் போட்டால் ஒரு தட்டு, பின்னால் வந்து பிரேக் போட்டால் ஒரு தட்டு’ என்று யாராவது சொன்னால் என் கை நேராகப் பின் புஷ்ஷுக்குப் போகும்.

நம் பகுதியில் இந்தப் புஷ் சீக்கிரம் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு ஊர் வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு அஸ்திவாரம் உண்டு, அது இருந்த இடத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் சாலை களிமண்மேல் உட்கார்ந்திருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் களிமண் தண்ணீர் கண்டால் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வருடத்துக்கு வருடம் சாலை இறங்க, பாலம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் போகும் வழியில் எத்தனை பாலத்தில் வண்டி ‘டம்’ என்று ஏறி இறங்குகிறது என்று ஒருநாள் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் பின் புஷ்ஷுக்கு ஒரு அடி. அது போக, தை, மாசியில் அறுவடை நெல்லைச் சாலையில் பாதிக்குக் காயப்போட்டு ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். காயவைக்க வேறு இடம் இல்லாமல்தான் போடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதிரே பஸ் வந்தால் நம் இடது சக்கரம் தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இடதுபக்கப் புஷ்தான் முதலில் போகிறது. உங்களுக்கும் இடதுபுறம்தான் சத்தம் என்றதும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்றில் புஷ்ஷின் வெளிவளையம் துருப்பிடித்து ஊதும். துரு, ரப்பரை இரும்பிலிருந்து மெல்லப் பிரித்துக்கொண்டே வரும். ரப்பர் பார்க்கப் புதிதாக இருக்கும், ஒட்டு விட்டிருக்கும். வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொன்னால் ஏமாந்துபோகிற இடம் இது.

இனி சோதனை. வண்டியைத் தூக்குவதற்கு முன் தரையிலேயே ஒரு வேலை. சமதளமான இடம் வேண்டும். நம் ஊரில் நெல் அடிக்கும் சிமென்ட் களத்தைவிட நல்ல இடம் கிடையாது. தெரிந்த ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில், எட்டு பத்து அடி தள்ளி நின்று, குனிந்து முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஆள் நடக்கிற வேகத்தில் முன்னால் நகர்த்தி பிரேக், பின்னால் நகர்த்தி பிரேக். வண்டியின் மூக்கு குனிந்து நிமிர்வது இயல்பு. சக்கரம் மட்டும் தனியாக, பிரேக் பிடிக்கிற அந்த நொடியில் பின்னால் ஒரு குதி குதித்து, மறுபடி முன்னால் குதித்தால் புஷ் விட்டுவிட்டது. வலது சக்கரத்தையும் இதேபோல் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ மட்டும் நிற்காதீர்கள்.

அடுத்து தூக்கிப் பார்ப்பது. வண்டிக்கு அடியில் தலையை விடும் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வண்டியோடு கொடுத்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. வீட்டு வாசல் மண்ணில், அதுவும் மழைக்காலத்தில், ஜாக்கி போட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாக அமிழும். கெட்டியான தரை வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்கியபின் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்கி உட்காரவைத்து, ஒரு தள்ளு தள்ளிப் பார்த்த பிறகுதான் அடியில் போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்ட் ஆகாது. பாரம் ஏறினால் ஒரு சத்தமும் இல்லாமல் பொடிந்துவிடும். ஸ்டாண்ட் இல்லையா, பள்ளம் வெட்டிய பட்டறை எதற்காவது போய் அங்கே நின்று பாருங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே இறங்கியிருக்கும், ரப்பர் முழுதாக முறுக்கியிருக்கும். கீறல்கள் வாய் திறந்து நன்றாகத் தெரியும் நேரம் இதுதான். எல்லாக் கீறலும் பெரிதாகவும் தெரியும், பயந்துவிடாதீர்கள். முதலில் பிரஷ்ஷால் காய்ந்த சேற்றைத் தட்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். கோடைக்காலக் குளத்து மண்போல மேலாக வலைவலையாகச் சின்னக் கீறல் இருந்தால் அது காற்றும் வெயிலும் செய்த வேலை. ரப்பரின் தோல் மட்டும்தான் வெடித்திருக்கிறது. அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். நகம் உள்ளே போகிற அளவுக்குப் பிளவு இருந்தாலோ, வளையத்தின் விளிம்பை ஒட்டியே பிறைமாதிரி ஓடினாலோ கவனியுங்கள். ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருக்கிறதா, உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்மின் இரும்பு அடிச்சட்டத்தில் உரசினால் அந்த இடம் மட்டும் வெள்ளிபோல் மின்னும். ரப்பரும் இரும்பும் சேரும் கோட்டில் செங்காவி நிறத்தில் பொடி கசிந்திருந்தால் உள்ளே இரும்போடு ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்தப் பொடி பெரிய கீறலைவிட நம்பகமான சாட்சி.

இங்கேதான் பலர் சறுக்குகிற ஒரு விஷயம். பல கார்களில் பின் புஷ்ஷின் ரப்பரில் இரண்டு பக்கம் வாழைப்பழ வடிவில் பெரிய ஓட்டை இருக்கும். அது கிழிசல் இல்லை, செய்யும்போதே விட்ட இடைவெளி. ஒரு திசையில் மெத்தென்றும் இன்னொரு திசையில் கெட்டியாகவும் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதன் விளிம்பு வழவழப்பாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். கிழிசலின் விளிம்பு பிய்ந்து, சொரசொரப்பாக இருக்கும். அந்த இடைவெளியின் மூலையிலிருந்து புதிதாக ஒரு பிளவு கிளம்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் மெக்கானிக் காட்டியது இந்த ஓட்டையாகவே இருக்கலாம். அப்படி ஒரு கார் என்னிடம் இரண்டாவது கருத்துக்கு வந்தது. இரண்டு ஆர்மும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள், கழற்றாமலேயே திருப்பி அனுப்பினேன். விலை கூடிய சில வண்டிகளில் புஷ்ஷுக்குள் திரவமே அடைத்திருப்பார்கள். அது உடைந்தால் கீழே கறுப்பாக எண்ணெய்போல் வடிந்த கறை இருக்கும். அங்கே வேறு சோதனையே தேவையில்லை.

பார்த்தது போதும், இனி அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடி நீளத்தில் ஒரு லீவர் கம்பி, நுனியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஆர்முக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில், புஷ்ஷுக்குப் பக்கத்தில் நுனியைக் கொடுங்கள். கடப்பாரையால் பாறை பெயர்ப்பதுபோல் இழுத்தால் நல்ல புஷ்கூட அசையும், அதில் ஒன்றும் தெரியாது. மணிக்கட்டு பலம் போதும். மெல்ல நெம்பி விடுங்கள், மறுபடி நெம்பி விடுங்கள். கண் முழுதும் உள்குழாய்மேல் இருக்கட்டும். நல்ல புஷ்ஷில் நெம்ப நெம்ப எதிர்ப்பு கூடும். ரப்பர் அமுங்கும், விட்டதும் கம்பியைத் திருப்பித் தள்ளும். போன புஷ்ஷில் முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இருக்காது. கம்பி சும்மா போகும், பிறகு ‘டக்’ என்று இரும்பில் முட்டும். விட்டால் அங்கேயே நிற்கும், இல்லை தளர்ந்து இறங்கும். ரப்பருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு திறந்து மூடுவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். அந்தக் கோட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது. கை ஒன்றை ஆர்ம்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத தட்டுகூட விரலுக்குத் தெரியும்.

அடியில் இருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘டொக்’ சத்தத்துக்கு உறவுக்காரர்கள் நிறைய. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு பக்கம். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் மற்ற சோதனை எல்லாம் அப்புறம், முதலில் அதை மாற்றுங்கள். புஷ் போனால் வண்டி தட்டும், பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையில் இருக்கும் லிங்க் ராடு போயிருந்தால் சத்தம் பிரேக்கில் வராது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது ‘கடகட’ என்று வரும். அதைச் சோதிக்கும்போது இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் மறைந்துவிடும். ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் ரப்பர் காய்ந்தால் காலையில் முதல் வேகத்தடையில் ‘கிறீச்’ என்னும். ஒரு குவளை தண்ணீரை அந்த ரப்பர்மேல் ஊற்றிவிட்டு வண்டியை அமுக்கிப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் ஆள் அதுதான். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முறுக்குக் கம்பி விடுபடுகிறமாதிரி சத்தம் வந்தால் மேலே, ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்டிரட் மவுன்ட் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று. சாலையில் போட்ட வைக்கோல்மேல் ஓட்டியிருந்தால், முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்டில் வைக்கோல் கயிறாகத் திரிந்து சுற்றியிருக்கும். அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை அறுத்துவிடும். சைலன்சர் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். கையோடு பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

புஷ் நன்றாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஆர்மே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போனபின், விழுந்து கிடந்த தென்னை மரங்கள்மேல் ஏற்றி இறக்கிய வண்டிகள் எவ்வளவோ வந்தன. புஷ்ஷை மாற்றி, சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்து, மறுபடி இழுக்கிறது என்று வந்தவர்கள் உண்டு. இடது ஆர்மையும் வலது ஆர்மையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒன்று வளைந்திருப்பது தெரிந்தது.

லோடு வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். டாட்டா ஏஸ், பொலேரோவின் பின்பக்கம் மாதிரி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உள்ள வண்டிகளில் பட்டைக் கண்ணிலும், பட்டையின் ஒரு முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளிலும் புஷ் இருக்கும். சேஸிஸைத் தாங்கி சக்கரத்தைத் தொங்கவிட்டு, பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் லீவர் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். பட்டை ஓரம் ஷாக்கிள் தகட்டில் உரசிப் பளபளத்தால் புஷ் தேய்ந்துவிட்டது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் அது இரும்பு அல்லது பித்தளை புஷ், கிரீஸ் அடிக்காவிட்டால் உள்ளே கோத்திருக்கும் இரும்பு முளை அறுந்துபோகும். நிப்பிள் இல்லாத ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிரீஸ் வைக்கவே கூடாது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகிற பருவத்தில், பட்டையை அச்சோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது எண்ணெய் விஷயம். நம் ஊர் வாட்டர் சர்வீஸில் வண்டியைக் கழுவி முடித்ததும், துரு பிடிக்காது என்று சொல்லி அடியில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து பீய்ச்சுகிற பழக்கம் இருக்கிறது. வண்டி இறங்கும்போது அடிப்பாகம் கறுப்பாக, புதிதுபோல மின்னும். உரிமையாளருக்குச் சந்தோஷம். ஆனால் இயற்கை ரப்பர் டீசலையும் ஆயிலையும் உறிஞ்சி ஊதும், மெத்தென்று ஆகும், இரும்பில் பிடித்திருக்கும் ஒட்டும் நாளடைவில் விட்டுப்போகும். போதாக்குறைக்கு அந்தப் பிசுக்கில் வயல் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கையால் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகிற ரப்பரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். “தண்ணி மட்டும் அடிங்க, ஆயில் வேண்டாம்” என்று நின்று சொல்லுங்கள். துருவுக்குப் பயந்தால் இரும்புக்கு மட்டும் முறையாகக் கோட்டிங் கொடுக்கச் சொல்லுங்கள். கிறீச் சத்தத்துக்காக யாராவது புஷ்ஷில் கிரீஸ் தடவ வந்தால் சிலிக்கோன் கிரீஸ் தவிர வேறு எதையும் விடாதீர்கள்.

ஆட்டம் உறுதியானால் எவ்வளவு நாள் தள்ளலாம்? பால் ஜாயின்ட் நன்றாக இருந்து, புஷ்ஷில் லேசான ஆட்டம் மட்டும் என்றால் உதிரிப்பாகம் வரும்வரை நிதானமாக ஓட்டலாம். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, இல்லை உள்குழாய் ரப்பரிலிருந்து முழுதாகப் பிரிந்துவிட்டது என்றால் பக்கத்து ஊர் வரைகூட எடுத்துப் போக வேண்டாம். டயரின் உள் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் டயர் நன்றாக இருக்கும், உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருக்கும். அலைன்மென்ட் செய்து ஒரு மாதத்தில் மறுபடி கலைகிறது என்றால் அலைன்மென்ட் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆடுகிற புஷ்ஷை வைத்துக்கொண்டு எந்த மெஷினாலும் அளவை நிறுத்த முடியாது.

மாற்றும்போது புஷ் மட்டும் போடுவதா, ஆர்ம் முழுவதும் போடுவதா? பால் ஜாயின்ட்டும் அதே ஆர்மில் கோத்து வந்து அதுவும் 92,000 ஓடியிருந்தால் நான் ஆர்மையே போடச் சொல்வேன், இரண்டு பக்கமும். பால் ஜாயின்ட் புதிதாக இருந்தால் புஷ் மட்டும் போதும். ஆனால் அழுத்தி ஏற்றும் பிரஸ் மெஷின் உள்ள பட்டறையில்தான் போட வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றினால் வளையம் கோணும், உள்ளே ஒட்டு அன்றைக்கே விடும். பின் புஷ்ஷில் அந்த வாழைப்பழ ஓட்டை எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் உட்கார வேண்டும். கழற்றுமுன் ஆர்மில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் நைலானில் கடைந்து போடலாம், ஆயுசுக்கும் போகாது என்பார்கள். நைலான் முறுக்கிக்கொள்ளாது, போல்ட்டைச் சுற்றி உரசித்தான் அசையும். ஒவ்வொரு இடியும் நேராக அடிச்சட்டத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் போகும். மெதுவாக ஓடும் லோடு வண்டியின் பட்டைக்குச் சமாளிக்கலாம், காரின் லோயர் ஆர்முக்கு வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, இறுக்கும் முறை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு காருக்கு நான்கு புஷ்ஷும் புதிதாகப் போட்டேன். வண்டி மேலே தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு பலத்தோடு இறுக்கிவிட்டு இறக்கினேன். நாலு மாதத்தில் பின் புஷ் இரண்டும் கிழிந்து வண்டி திரும்பி வந்தது. பாகம் டூப்ளிகேட் என்று நினைத்தேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவர் கிழிந்த புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை நீ தொங்கவிட்டு இறுக்கிருக்க. வண்டி தரையில நிக்கிற நேரமெல்லாம் இது முறுக்கிக்கிட்டே நின்னிருக்கு. பாவம், அது எப்ப இளைப்பாறும்?” என்றார். விஷயம் அவ்வளவுதான். போல்ட்டை இறுக்கும் நேரத்தில் ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி பாரத்தோடு தரையில் நிற்கும் நிலையில் அது ஓய்வாக இருக்க வேண்டும். அதனால் தூக்கியிருக்கும்போது போல்ட்டைக் கையளவு மட்டும் முறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, பள்ளத்துக்குள் நின்றபடி கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். பள்ளம் இல்லாத இடத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். புதுப் புஷ் ஆறு மாதம்கூட நிற்கவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் காரணம் இதுதான்.

ஆகவே மன்னார்குடியிலோ திருவாரூரிலோ யாரிடம் கொடுத்தாலும், வேலை ஆரம்பிக்குமுன் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: “அண்ணே, ஆர்ம் போல்ட்டை வண்டியை இறக்கிட்டுத்தானே டைட் பண்ணுவீங்க?” தெரிந்தவர் உடனே ஆமாம் என்பார், தெரியாதவருக்கும் நினைவு வரும். கழற்றிய பழைய ஆர்மை வாங்கித் தரையில் வைத்து, உள்குழாயில் ஒரு ஸ்குரூ டிரைவரைச் செருகி அசைத்துப் பாருங்கள். நீங்கள் அடியில் படுத்துப் பார்த்தது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அலைன்மென்ட். கடைசி இறுக்கு முடிந்ததும் நட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் டார்ச் அடித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு உடையாமல் நேராக இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை அறுவடை முடிந்தபின் ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் போதும்.